உப்பு பார்த்தல்

"எட்டு வருசத்து ஃபைபர்" என்றார் தரகர்.
"ஆறுதான்" என்றார் வைரக்கண்ணு.
புத்தகத்தில் பதினொன்று.
ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

செருதூர். வெள்ளையாறு கடலில் விழுகிற இடத்துக்குத்
தெற்கே ஒரு பீடி தூரம்.
மணலில் ஒருச்சாய்ந்து கிடந்தது படகு.
நீலம், மேலே ஒரு மஞ்சள் கோடு, கை வைத்தால் ஒட்டும் புதுசு.
மூன்றாம் நாள் மீன் மேல் நாங்கள் தண்ணீர் தெளிப்போமே,
அந்த மினுமினுப்பு.

இருபது வருசமாக மீன் வாங்கி விற்கிறவள் நான்.
படகு வாங்கியதில்லை.
கொழுந்தன் திருமேனி எஞ்சின் பக்கம் போனான்.
லம்பாடி. இரண்டு இழுப்பில் பிடித்தது.
கரும்புகை; போகப் போக வெளுத்தது.
தலையை ஆட்டினான்.
உடம்பை நான் பார்க்கிறேன் என்றேன்.

அணியத்திலிருந்து தொடங்கினேன்.
கையில் இருநூறு கிராம் எடைக்கல்.
ணங். ணங். ணங்.
சாண் சாணாக, தேங்காய்க்காரன் போலக் காதைச் சாய்த்து.
வலப்பக்கம் முழுக்க ணங்.
இடப்பக்கம், மூன்றாவது குறுக்குப் பலகைக்குக் கீழே

பொத்.

மறுபடி தட்டினேன். பொத்.
நிறைபானையைச் சுண்டிய மாதிரி.
"தூண்டில் வளைவுக் கல்லுல ஒரு தடவை உரசிச்சு.
மேட்டு வெச்சு ஒட்டியாச்சு. இப்ப அந்த எடம்தான் ஸ்ட்ராங்கு"
என்றார் வைரக்கண்ணு,
நான் கேட்பதற்கு முன்பே.

எஞ்சின் பலகையில் கட்டைவிரலை அழுத்தினேன்.
நல்ல வஞ்சிரம் என்றால் குழி எழும்பி வரும்.
பலகைக்கு அந்தச் சோதனை செல்லாது போல.

"உள்ள தண்ணி ஊத்துங்க."
"கடலுக்குள்ள போற சாமானுக்குள்ள தண்ணி ஊத்தச் சொல்றியேம்மா"
என்று சிரித்தார் தரகர்.
பக்கத்து வீட்டு மோட்டாரில் ட்யூப் போட்டு ஊற்றினார்கள்,
கணுக்கால் நனையும் அளவுக்கு.

டீ வந்தது. வைரக்கண்ணு குடிக்கவில்லை.
ஏன் விற்கிறீர்கள் என்றதற்கு
மூத்தவனுக்குக் குவைத் விசா என்றார்.
கொஞ்சம் பொறுத்து, மகள் கல்யாணம் என்றார்.
இரண்டுக்கும் நடுவே ஒரு நண்டு வளைக்குள் போயிற்று.

நாற்பத்தாறு வயசில், புடவையோடு,
மணலில் மல்லாந்து
படகுக்கு அடியில் தலையை விட்டிருந்தேன்.
சோழகக் காற்றை மீறி மாதா கோயில் மணி கேட்டது.
கண்ணுக்கு ஒரு முழம் மேலே, நீலப் பெயிண்டில்,
ஒரு முத்து.
பெருத்தது. தொங்கியது. விழவில்லை.
விரலால் எடுத்து நாக்கில் வைத்தேன்.

உப்பு.

"உள்ள பழைய கடல் நிக்கிது" என்றேன் வெளியே வந்து.
"எங்க ஊரு போர்த் தண்ணியே உப்புத்தாம்மா."
அது பொய்யில்லை. கடைமடைக்கும் கீழே இருக்கிற ஊர்;
ஆற்றுத் தண்ணீர் வருவதற்குள்
கடல் மண்ணுக்கடியில் வந்துவிடும்.
ட்யூபில் மிச்சமிருந்ததைக் கையில் ஏந்திக் குடித்தேன்.
அதுவும் உப்பு.
தரகருக்கு உயிர் வந்தது.

மறுபடி குனிந்தேன். இரண்டாவது சொட்டு.
ட்யூப் தண்ணீர் சப்பென்று நாக்கின் மேலோடு நின்றது,
கஞ்சி ஆறிய பிறகு போட்ட உப்பு மாதிரி.
இது கசந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தது.
ரெசின் வாடையோடு
பஃப்புக்குள்ளே எத்தனையோ ஐப்பசியாக அடைபட்டது.

வைரக்கண்ணு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்,
தராசு முள்ளைப் பார்ப்பது போல.

"ஒம்போது பேரு தூக்குன படகு" என்றார் கடைசியில்.
"இப்ப பதிமூணு பேரு வேணும்.
எம் புள்ளைங்கதான் சோம்பேறியாயிட்டானுவன்னு நெனச்சேன்."

இருபத்திரண்டாயிரம் குறைத்தார்.
தளத்தைப் பெயர்க்க வேண்டும், பஃப்பை அள்ளிக் கொட்ட வேண்டும்,
பத்து நாளாவது வெயிலில் கவிழ்த்துப் போட வேண்டும்.
ரெசின் கிலோ என்ன விலை என்று
திருமேனி போனில் கத்திக்கொண்டிருந்தான்.
குழுக்கடன் பணத்தில் அட்வான்ஸ் கொடுத்தேன்.

இரண்டு தடவை எண்ணினார்.
சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.
பிறகு, வெட்டிய ஆயில் கேனை எடுத்துக்கொண்டு ஏறி
நாங்கள் ஊற்றிய தண்ணீரை
இறைக்கத் தொடங்கினார்.