வாடகைப் புத்தகம்

வாலாஜா ரோட்டில் ஏறினால்
காட்பாடிக்குள் இரண்டு அத்தியாயம் ஓடும்.
போன வாரச் சரித்திர நாவலில்
கத்திரி வெயில் மாதம், இளவரசன்
பாலாற்று வெள்ளத்தில் குதிரையை இறக்குகிறான்.
எழுதினவர் எங்கள் பக்கம் வந்ததில்லை.
மணலில் குளம்பு வெந்திருக்கும்.

கொலைக்கதை பரவாயில்லை.
நாற்பதாம் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன், டாக்டர்தான்.
அறுபதில் டாக்டரே செத்துப்போனார்.
கடைசி எட்டுப் பக்கம் யாரோ கிழித்திருக்க
திருவலத்தில் ஏறுகிறவர்களை
ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்றைக்குக் குடும்ப நாவல்.
கைநீட்டிய புருஷனை
ஒரு மழை ராத்திரிக்காக மன்னிக்கிறாள் சஞ்சனா.
பக்க ஓரத்தில் பென்சிலில்,
எனக்கு முன்னே படித்தவள்:
‘போடி பைத்தியம்.’
கீழே பேனாவால் ‘அதானே’ என்று போட்டேன்.

தாஜுதீன் பாய் பார்த்தால்
ஐந்து ரூபாய் அபராதம்.
போடட்டும்.