தாள் எண் 2117

சகோதரர் தெயோதிமோ பசை விஷயத்தில் கஞ்சர்.
தண்டுக்கு ஒரு பட்டை, இலைக்கு ஒன்று.
எழுபது வருடம் கழித்து
பொகோட்டாவில் ஒரு மூன்றாம் மாடியில்
நான் தாளைத் திருப்புகிறேன்,
பூ கழன்று என் மடியில் விழுகிறது.

திட்டிக்கொண்டே எடுக்கிறேன்.

என் வேலை இதுதான்:
பெட்டியைத் திற, படம் எடு, கட்டங்களை நிரப்பு.
சேகரித்தவர். நாள். இடம். உயரம்.
நாலாயிரத்துச் சொச்சம் தாள்கள்,
எல்லாவற்றிலும்
வலப்பக்கம் போகப் போக மேலேறும் கையெழுத்து,
சமதளத்தில் எழுதிப் பழகாதவர் போல.

பிரான்சில் சபைப் பள்ளிகளைச் சாத்தியபோது
கப்பலேறி வந்தவர்.
போயாகா மலைப் பையன்களுக்குப் பின்னக் கணக்கு.
வியாழன் மதியம் பள்ளி இல்லை,
ஆகவே வியாழன் மதியம் அவரும் இல்லை.
கறுப்பு அங்கிக்குள் தானே தைத்த பதினொரு பைகள்;
துணி வெளுத்த எதெல்வினா
ஒருமுறை கத்தாழை முள்ளுக்கும் சேர்த்துக் கூலி கேட்டாளாம்,
கொடுத்ததாக மடத்துக் கணக்கில் இருக்கிறது.

மூன்று செடிகளுக்குப் பெயர் வைத்தார்.
இரண்டுக்கு முன்பே பெயர் உண்டென்று
பெர்லினிலிருந்து கடிதம் வந்தது.
அந்தக் கடிதத்தையே மடித்து
அதற்குள் ஒரு பாசியை அழுத்தி வைத்திருக்கிறார்.
மூன்றாவது இன்னும் செல்லும்: ஒரு புல்.
ஆடு மோந்துவிட்டு நகர்ந்துவிடும் புல்.
பள்ளியில் ஒரு தாழ்வாரத்துக்கு அவர் பெயர்,
எழுத்துப்பிழையோடு.

இவ்வளவுதான் மனிதர் என்றிருந்தேன்.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு
ஒரு ஃப்ரைலெஹோன்.
பெரிய துறவி என்று பொருள்;
மூடுபனியில் பார்த்தால்
அங்கி போட்ட ஆட்கள் சும்மா நிற்பது போலிருக்கும்.
இலை முழுக்க வெள்ளை ரோமம்.
கோவேறு கழுதைக்காரன் எலியோதோரோ தீபாதுயிசா
இலையைக் காது என்கிறான் என்று
சீட்டிலேயே எழுதியிருக்கிறார்,
குளிருக்குச் செருப்பில் திணித்துக்கொள்கிறான் என்றும்.

நவம்பர் 1949. மூவாயிரத்து அறுநூற்று நாற்பது மீட்டர்.
பூ மஞ்சள். செடி என் தோள் உயரம்.
பிறகு, வேறு மையில்:

"எலியோதோரோ மண்டியிட்டான்.
நான் குரு இல்லை, மன்னிக்க எனக்கு அதிகாரமில்லை என்றேன்.
தெரியும் என்றான்.
ஒரு மணி நேரம்.
மழை."

என்ன சொன்னான் என்று இல்லை.
அந்த வருடம் இரவில்
எந்தக் கதவில் எந்தக் கட்சியின் நிறம் பூசினார்கள்,
துப்பாக்கிக்காரர்களுக்கு
மலைப்பாதையைக் காட்டியது யார்
என்றெல்லாம் அந்தச் சரிவில் கேட்டால்
இன்றைக்கும் உருளைக்கிழங்கு விலையைப் பேசுவார்கள்.

நான் 2116க்குத் திரும்பிப் போனேன்.
சேகரித்தவர்: தெயோதிமோ.
2115, 2114, முதல் தாள் வரை அப்படித்தான்.
2118: தெயோதிமோ, தீபாதுயிசா.
2119. 2300. எல்லாவற்றிலும் இருவர்.
கடைசித் தாளில்
கையெழுத்து முதல் முறையாகக் கீழே இறங்குகிறது:
சேகரித்தவர் தீபாதுயிசா.
ஏறியது அவன். நான் ஓடையருகே காத்திருந்தேன்.

எங்கள் கணினிக் கட்டத்தில் ஒரு பெயர்தான் ஏறும்.
மேலதிகாரியிடம் இரண்டு நாள் வாதாடினேன்;
இரண்டாம் பெயரைக் குறிப்பில் போடச் சொன்னார்.
போடவில்லை. கட்டம் காலியாகவே இருக்கிறது,
சிவப்பில் எச்சரித்தபடி.

அந்தச் செடி வருடத்துக்கு
ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.
யாரும் வெட்டாமல், யாரும் எரிக்காமல் விட்டிருந்தால்
இப்போது இருவரின் தலைக்கும் மேலே.

உதிர்ந்த பூவைச் சின்ன உறையிலிட்டு
தாளின் மூலையில் ஒட்டினேன்,
பசை சற்றுத் தாராளமாக.
கையுறையைக் கழற்றி இலையைத் தொட்டேன்.
தொடக் கூடாது.
இன்னும் மெத்தென்று இருக்கிறது,
காது.