பாத்து

ஃபிலோ மிஸ் வைத்த விதி ஒன்றுதான்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெரியவர்கள்.
அந்தப் பக்கம் பிள்ளைகள், காடு.
எது நடந்தாலும்
அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லக் கூடாது.

எந்தச் சொல் என்று கேட்டதற்கு
ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்,
கெட்ட வார்த்தையைக் காட்டுவதுபோல.

நான் குமாரசாமிப்பட்டியில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே எடுப்பவள்.
ஒன்பது வருடம்.
ஊஞ்சலில் விழுந்த முழங்கை,
மாடிப்படியில் உருண்ட காறை எலும்பு,
மாம்பழ சீசனில் மரத்திலிருந்து நேராக வரும் மணிக்கட்டுகள்.
சேலத்துப் பிள்ளைகள் எத்தனை பேரை
வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்திருக்கிறேன்.
அது எனக்குச் சொல்லே இல்லை.
இருமல் மாதிரி. தானாக வரும்.

காலையில் அஸ்தம்பட்டியில் வேன் ஏறும்போதே
மூன்று தடவை சொல்லியாயிற்று.
பதினான்காம் வளைவில் லோகித் வாந்தி எடுத்தான்.
அவன் அம்மா எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தாள்.
நிறைமதி ஜன்னலில் மூக்கை ஒட்டி
குரங்குகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு வந்தாள்.
எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள் பெயர்.

நாகலூர் போகும் வழியில் இறங்கி
காப்பித் தோட்டத்தை ஒட்டி நடந்தால்
சில்வர் ஓக் முடிந்து
காடு தொடங்கும் இடத்தில்தான் வகுப்பு.
ஒரு தார்ப்பாய், நாலு பழைய சட்டி,
போன ஐப்பசி மழையில் சாய்ந்த மரம் ஒன்று.
"இன்னிக்கு என்ன சொல்லித் தருவீங்க?" என்று
ஷாஹிராவின் அப்பா கேட்டார்.
"இன்னும் தெரியல சார்" என்றாள் ஃபிலோ.
அவர் கட்டணத்தை மனதுக்குள் வகுத்துப் பார்ப்பது
முகத்தில் தெரிந்தது.

சட்டியில் சேறு கொதித்தது.
ஜெரோம் காட்டெருமைச் சாணத்தைக் குச்சியால் பிரித்து
உள்ளே இருக்கும் வண்டுகளை எண்ணினான்.
ஏழுக்கு அப்புறம் பதினொன்று, அப்புறம் நிறைய.
யாரும் திருத்தவில்லை.
உள்ளங்கையில் மரவட்டை சுருண்டு கிடக்க
ஷாஹிரா மூச்சை அடக்கி நின்றாள்.
தினமும் மைக்கில் சொல்கிறவள் நான்,
மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று.
இவ்வளவு அசையாமல்
ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை.

நிறைமதி சாய்ந்த மரத்தில் ஏறிவிட்டாள்.
பாசி. ஈரம். செருப்பைக் கழற்றி எறிந்த கால்.
நான் ஒன்று விழுங்கினேன்.
அவள் எழுந்து நின்றாள்.
இரண்டு.
கைகளை விரித்தாள், தப்பான காலை முன்னே வைத்தாள்.
மூன்று, நான்கு, ஐந்து.
பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன்,
சொல் திரும்ப மேலே வராமல் இருக்க.

விழுந்தாள்.

கையை ஊன்றித்தான் விழுந்தாள்.
ஊன்றும் கையில் எந்த எலும்பு முதலில் போகும் என்று
எனக்குத் தெரியும். அதன் படம்கூட
கண்ணுக்குள் வெள்ளையாக வந்து போனது.
கயிறு என் முட்டியில் இடித்தது.
ஃபிலோ என்னைப் பார்க்கவில்லை. அவளும்
நகத்தைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நிறைமதி எழவில்லை.
கன்னம் மண்ணில் இருக்க, மரத்துக்கு அடியில்
எதையோ வெறித்துக் கிடந்தாள்.
பிறகு கையை ஆட்டினாள், அந்தக் கையையே.
ஐந்து விரலும் தனித்தனியாக அசைந்தன, எண்ணினேன்.
"அம்மா, பாரு."

கயிற்றைத் தாண்டலாமா என்று யாரையும் கேட்கவில்லை.
படுத்தேன். சுடிதார் நனைந்தது.
அடிமரத்தில், வெளிச்சம் படாத பக்கம்,
ஆரஞ்சு நிறத்தில் காளான்கள்,
சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை,
ரேஷன் கடை வரிசைபோல
ஒன்றன்பின் ஒன்றாக, பொறுமையாக.
"நான் விழலன்னா
இது இருக்கறதே தெரிஞ்சிருக்காதுல்ல?" என்றாள்.
பதில் சொல்லத் தெரியவில்லை.
ஓர் எறும்பு என் மூக்கில் ஏறிக் கடித்தது.

மாலை. இறக்கம். வளைவுகள் தலைகீழ் எண்ணில்.
மடியில் தூங்குகிறாள், நகக்கண்ணில் மலை.
மூடுபனிக்குள் முன்னால் போகும் பஸ்ஸின்
சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது.
நாள் முழுக்க விழுங்கியதெல்லாம்
தொண்டைக்கு வந்து நிற்க,
"அண்ணே, பாத்து" என்றேன்.

மாயவன் அண்ணன் தலையைத் திருப்பாமல்
"பாத்துக்கிட்டேதாம்மா வரேன்" என்றார்,
"காலைலேர்ந்து இந்த மலையைத்தான்."