ஒரு முழம் தள்ளி

என் வேலை அளப்பது.
கயிறு, நான்கு முளை, தடித்த பதிவேடு,
எழுதுகிற பேனா ஒன்று, எழுதாத பேனா ஒன்று.
தேப்ரா தாபோரிலிருந்து வண்டி வராத நாட்களில்
கழுதைக்குப் பின்னால் நடந்து போய்
யார் யாருடைய வரப்பை அரித்தார்கள் என்று
சொல்லிவிட்டு வருவேன்.
சொன்ன பிறகு யாரும் காபி கொடுத்ததில்லை.

இந்த முறை புகார்:
கோயில் காட்டின் மதில் நகர்ந்திருக்கிறது.
கொடுத்தவர் தெஸ்ஸேமா.
நகர்த்தியவள் அட்செதே,
செத்துப்போன அண்ணனின் மனைவி.

கோடையில் அந்தச் சரிவைப் பார்க்க வேண்டும்.
தெஃப் அறுத்த தாளையும் மாடுகள் தின்று தீர்த்து
கண்ணுக்கு எட்டிய வரை வெந்த மண்.
நடுவில் வட்டமாக ஒரு பச்சை,
மொட்டையடித்தவன் மறந்து விட்ட குடுமி மாதிரி.
உள்ளே ஒலிவம், ஜூனிப்பர், பெயர் தெரியாத நூறு.
அவற்றுக்கும் உள்ளே தகரக்கூரை போட்ட வட்டக் கோயில்.
வெள்ளை வால் தொங்க உட்கார்ந்திருந்தன குரங்குகள்,
பூசைக்கு முன்பே வந்துவிட்டவர்களைப் போல.
காடு தொடங்குகிற இடத்தில் கோயில் தொடங்கிவிடுகிறது.
செருப்பை மதிலுக்கு வெளியே விட வேண்டும்.

வயல் நடுவே இருக்கும் பாறையிலிருந்து மதில் வரை
பழைய கணக்கில் தொண்ணூறு முழம்.
இப்போது நூறாவது இருக்கும் என்றார் தெஸ்ஸேமா,
காட்டைத் தின்றிருக்கிறாள்.
கயிறு போட்டோம்.
எண்பத்தாறில் கை கல்லில் முட்டியது.
சரியாகப் பிடிக்கவில்லை நீங்கள், என்றார்.
மறுபடி பிடித்தோம்.
எண்பத்தாறு.

மீதி நாலைத் தேடி மதிலேறிக் குதித்தேன்.
தொண்ணூறில்,
பழைய மதில் உட்கார்ந்திருந்த தடத்தில்,
இடுப்புயர ஜூனிப்பர்க் கன்றுகள்.
இந்தப் பக்கம் ஒரு முழம் வந்தால் முழங்கால் உயரம்.
அப்புறம் சாண்.
கடைசியில், கல் நிழலில்,
பறவை எச்சம் காயாத மண்ணிலிருந்து
இரண்டே இலை.
நாலு வருடம், படி படியாக இறங்கி
அவள் வயலுக்குள் வந்துகொண்டிருந்தது.

வரப்பை வெட்டித் தன் பக்கம் இழுத்தவர்களை
இருபத்தாறு வருடமாகத் தெரியும்.
தன் நிலத்தைத் தானே திருடிக் கொடுத்தவளுக்கு
என் பதிவேட்டில் கட்டமில்லை.

அட்செதே வந்தாள், கையில் சாணத்தோடு.
எதையும் மறைக்கவில்லை.
வருடத்துக்கு ஒரு முழம்,
உழவுக்கு முன்னால், நிலா இருக்கிற இரவுகளில்.
என் கலப்பையை உடைத்த கற்கள்தான்,
எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும்.

ஏன் என்றேன். அதைக் கேட்பது என் வேலையில்லை.

உள்ளே இருப்பவருக்குக்
கால் நீட்ட இடம் வேண்டாமா, என்றாள்.

தெஸ்ஸேமா கத்தினார்.
எனக்கு மூன்று பையன்கள், இருப்பது ஒரு துண்டு நிலம்,
அவருக்கு வானம் பூராவும் கிடக்கிறது, போதாதா?
அதுவும் நியாயம்தான். எழுதிக்கொண்டேன்.
அவள் பதில் சொல்லாமல்
மதிலடியில் கசிகிற ஊற்றைக் காட்டினாள்.
போன கோடையில் வெறும் ஈரம்.
இப்போது குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகிறதென்று
உங்கள் கடைக்குட்டியைக் கேளுங்கள்,
அவன்தான் தினமும் மொள்கிறான்.
யாரும் கேட்கவில்லை.
தெஸ்ஸேமா கயிற்றைச் சுருட்டினார்,
சுருட்டச் சொல்லாமலே.

மரத்தில் தொங்கும் கல்மணியை யாரோ தட்டினார்கள்.
நான் அந்த நாலு முழத்துக்குள்
பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தேன்.
பதிவேட்டின்படி அது வயல்.
கன்றுகளின்படி வேறு.
கழற்றினேன்.

கடைசியாக ஒருமுறை அளந்தபோது
முள் குத்தி, கால் நொண்டி,
கயிறு ஒரு முழம் குறைத்துக் காட்டியது.
எண்பத்தைந்து என்று எழுதினேன்.
திருத்தவில்லை.

அதற்குள் என் கழுதை
மதிலுக்கு மேல் கழுத்தை நீட்டி
அந்த இரண்டு இலையை மோந்துகொண்டிருந்தது.
ஓடினேன்,
வெறுங்காலோடு, கத்திக்கொண்டு.