பிழை எண் 412

வீட்டுக்குள் மழை பெய்கிறது என்று
எழுதி அனுப்பினேன்.
தீவிரம்: நடுத்தரம்.
மறுபடி நிகழ்த்திப் பார்க்க:
கதவைத் திற, உள்ளே போ, நில்.
நனைவாய்.

குத்தாய்சியில் இரவு எட்டு மணி.
மற்றவர்கள் கட்டிய உலகத்தில்
சுவரில் முட்டிப் பார்ப்பது என் வேலை.
மேசைக்குள் தலையை விடுவது,
தலை சுற்றினால்
எத்தனையாவது நிமிடத்தில் என்று குறிப்பது.
கண்ணை மூடிய கருவிக்கு வெளியே
கையெட்டும் தூரத்தில்
ஒரு எலுமிச்சைத் துண்டு எப்போதும் இருக்கும்.

மழையின் ஓசை டோருனுடையது.
பெர்கனில், படகுக் கொட்டகையின் தகரத்துக்கடியில்
இரண்டு இலையுதிர்காலம்
ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருந்தாள்.
தூறலுக்கு ஒரு கோப்பு, சாரலுக்கு ஒன்று,
விட்ட பிறகும் சொட்டுவதற்குப்
பதினேழு.

மழையின் உருவம் எவாரிஸ்தோவுடையது.
இகீகேயில் இருக்கிறான்.
ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல்.
சொட்டின் வேகம்,
தரையில் உடைந்து அது எழுப்பும் கிரீடம்,
காற்றுக்குச் சாயும் கோணம்,
கணக்கில் ஒரு குறையும் இல்லை.
கூரை இருப்பதை மட்டும்
மழையிடம் சொல்ல மறந்திருந்தான்.

"கூரைக்கும் மழைக்கும் என்ன?"
கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டான்.
"எங்கள் வீட்டுக் கூரை வெயிலுக்கு.
மேலே தம்பி இரண்டு மெத்தையைப் போட்டு வைத்திருக்கிறான்,
நாலு வருஷமாக."

நாங்கள் மூவரும் பேசும் ஆங்கிலம் ஓட்டைக் குடை.
சொன்னதில் பாதி வழியிலேயே ஒழுகிவிடும்.
அந்த மெத்தைகள் மட்டும்
ஒரு நூல்கூட நனையாமல் வந்து சேர்ந்தன.
டோருன் சிரித்ததில்
திரையில் அவள் ஒலியளவு சிவப்பைத் தொட்டது.

சரிசெய்ய அவனுக்குப் பதினோரு நிமிடம்.
மூவரும் உள்ளே போனோம்.
இந்த உலகில் எங்களுக்கு இன்னும் உடம்பு வரவில்லை,
பட்ஜெட் கைகளோடு நின்றுவிட்டது.
மணிக்கட்டில் முடியும் ஆறு கைகள்
ஒரு கூரைக்கடியில் மிதந்தன.

மேலே டோருனின் தகரம் அதிர ஆரம்பித்தது.
எவாரிஸ்தோவின் கைகள் வெடுக்கென்று எழுந்து
இல்லாத தலையைப் பொத்திக்கொண்டன.
பிறகு இறங்கின.
ஜன்னல்வரை போய்
ஒரு கை மட்டும் வெளியே நீண்டது,
உள்ளங்கை மேலே பார்க்க.
சொட்டுகள் வந்து உடைந்தன
அவன் எழுதிய கோணத்திலேயே.

"இவ்வளவு சத்தமா?
எப்படித் தூங்குகிறீர்கள்?"

கொஞ்ச நேரம் கழித்து டோருன்:
"இது இல்லாமல் நீ எப்படித் தூங்குகிறாய்?"

தீர்ந்தது என்று ஒரு சொல் எழுதினால் போதும்.
அடுத்ததற்குப் போகலாம்.
413இல் ஒரு ஆடு
பாதி உடம்பு மலைக்குள் புதைந்தபடி மேய்கிறது.
யாரும் நகரவில்லை.
ஆடு அப்படியே மேயட்டும் என்றிருந்தது.

பத்து மணிக்குக் கருவியைக் கழற்றினேன்.
சத்தம் நிற்கவில்லை.
பால்கனியில்,
எதிர் வீடுவரை ஓடும் கயிற்றில்,
என் நாலு சட்டைகளும் ஒரு படுக்கை விரிப்பும்
எப்போதிலிருந்தோ
நனைந்துகொண்டிருந்தன.