மூர்மனின் மழைக்கோட்டு

ஸகாரோ கணவாயிலிருந்து இறங்கும்போது
பின்பிரேக்குக் கட்டை தேய்ந்து இரும்பு கத்தியது.
அது சாலையில்லை. ஓடை வற்றினால் பாதை,
மழை பெய்தால் மறுபடி ஓடை.
அன்று ஓடையாக இருந்தது.

மிதித்தது பாதி, தள்ளியது பாதி.
முப்பது கிலோ சுமை. அதில் பத்து கிலோ
தேவைப்படுமோ என்ற பயத்தின் எடை.
மழைச்சட்டை மட்டும்
துருக்கியில் ஒரு பெட்ரோல் பங்க் கொடியில்
காய்ந்துகொண்டிருந்தது.

முதல் வீட்டின் முன்னால் நீலத் தார்ப்பாய்.
அதன்கீழ் நீள மேசைகள், அறுபது எழுபது பேர்.
கல்யாணம் என்று நினைத்தேன்.
பசித்த கண்ணுக்குக் கூட்டமெல்லாம் கல்யாணம்.

யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.
ஒருவன் சைக்கிளை வாங்கி விறகடுக்கில் சாய்த்தான்.
ஒருத்தி என் தோளை அழுத்தி
பெஞ்சில் உட்காரவைத்தாள்.
காளான் போட்டுக் குழைத்த சோறு,
வறுத்த மீன், ராஜ்மா,
கழுத்து நீண்ட குடுவையில் மஞ்சள் ஒயின்.

எனக்குத் தெரிந்த ஜார்ஜியச் சொற்கள் நான்கு.
மூன்று எண்கள்.
நான்காவதை எழுந்து நின்று,
கோப்பையை உயர்த்தி,
அக்கம்பக்கத்துக் கோப்பைகளில் இடித்து,
உரக்கச் சொன்னேன்:
காவுமார்ஜோஸ்!
வெற்றி உண்டாகட்டும்!

மேசை அணைந்தது.
தார்ப்பாயில் மழை விழுவது கேட்டது.
அப்போதுதான் பார்த்தேன், பெண்கள் எல்லோரும் கறுப்பில்.
எதிரில் இருந்தவர் ஒயினை வாய்க்குக் கொண்டுபோகாமல்
ரொட்டித் துண்டின்மேல் சொட்டவிட்டுக்கொண்டிருந்தார்.
ஜன்னலில் ஒரு புகைப்படம். மீசை.
ஒரு கண் சற்றே சுருங்கி,
நான் சொன்னது காதில் விழுந்ததுபோல.

உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.
படத்துக்குப் பக்கத்தில் இருந்த எதேரி, அவர் மனைவி,
வாயைப் பொத்திக்கொண்டாள்.
அழுகிறாள் என்றே எல்லோரும் நினைத்திருக்க வேண்டும்.
தோள் குலுங்கிய விதம் வேறு.
ஏதோ சொன்னாள்.
மேசையின் கடைசிவரை
சிரிப்பு கிண்ணம் கிண்ணமாகக் கைமாறியது.
மகன் கோச்சா கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினான்:
"மூர்மனுக்கும் சாவு வீட்டில்
என்ன பேசுவதென்று தெரியாது."

இரவு அடுப்போரம் படுக்கை.
சுவருக்கு அப்பால் பெண்கள்
இரவல் வாங்கிய தட்டுகளை
யாருடையது எத்தனை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
என் மூன்று எண்களும்
அவ்வப்போது வந்துபோயின.

காலையிலும் மழை.
எதேரி ஆணியிலிருந்து ஒரு கோட்டை எடுத்தாள்.
எண்ணெய்த்துணி, முட்டிக்குக் கீழேவரை,
புகையும் ஆட்டு வீச்சமும்.
வேண்டாம் என்பது என் நான்கு சொற்களில் இல்லை.
பொத்தான்களை அவளே போட்டாள், மேலிருந்து கீழாக.
கடைசிப் பொத்தானுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பதினோராவது கிலோமீட்டரில் நாய்கள்.
எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்:
இறங்கு, வண்டியை நடுவில் நிறுத்து,
கல்லெடுப்பதுபோலக் குனி.
காது வெட்டிய, கன்றுக்குட்டி உயரத்து ஒன்று
முதலில் வந்தது.
குரைப்பைப் பாதியில் விட்டது.
கோட்டின் கையை முகர்ந்தது. பையை. விளிம்பை.
மற்றவை அதன் முகத்தைப் பார்த்து நின்றன.
பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு போய்
நான் வந்த சாலையைப் பார்த்தது,
வளைவுவரை.

யாரும் வரவில்லை.

பாலம்வரை பக்கத்திலேயே நடந்தது. நான் மிதிக்கவில்லை.
அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும்.
பாலத்தின் இக்கரையில் உட்கார்ந்துவிட்டது.
அக்கரையில் நல்ல வெயில்.
எண்ணெய்த்துணிக்குள் வியர்வை ஆறாக ஓடியது.
அதன் கண்ணுக்கு எட்டும் தூரம் முடியும்வரை
ஒரு பொத்தானையும் கழற்றவில்லை.

லெண்டெகியில் பிரேக்கு மாற்றும்போது
பையைத் துழாவினேன்.
ஒரு பிடி சூரியகாந்தி விதை, ஒரு வளைந்த ஆணி.
விதைகளைத் தின்றுவிட்டேன்.
ஆணி இருக்கிறது.