பதினெட்டுப் பல்

மஸ்கட்டுக்குப் போகும்போது அண்ணன் விட்டுப்போன சைக்கிள்.
முன்னால் மூன்று, பின்னால் ஏழு,
இருபத்தொரு கியர் என்று பாரில் ஸ்டிக்கர்.
குலசேகரம் செக்ஷனில் நான்கு வருடம்
மீட்டர் கணக்கெடுக்க அதில்தான் போனேன்,
ரப்பர் தோட்டத்து ஏற்றமெல்லாம் ஒன்றில் ஊர்ந்து
பொன்மனை இறக்கத்தில் ஏழுக்குத் தாவி.

பிறகு மணவாளக்குறிச்சிக்கு மாற்றல்.
இங்கே ஏற்றம் குறைவு, காற்று அதிகம்.
காற்றில் உப்பு, உப்போடு கருமணல்.
செயினை இழுத்துப் பிடிக்கும் குட்டிச் சக்கரங்கள் இரண்டும்
மூன்றே மாதத்தில் நறநறவென்று கடித்தன.
நான்கு கேட்டால் ஆறு கொடுத்தது.
பெரியவிளையில் நாய் துரத்திய அன்று
எதையுமே கொடுக்கவில்லை.

ஒன்று போதும் என்று அன்று ராத்திரி முடிவு செய்தேன்.

ஏழை ஒன்றாக்குவது லேசில்லை.
மிதிக்க மிதிக்க இறுகுகிற மறை அது.
நான் ஏறிய மேடெல்லாம்
அந்த ஒரு விரற்கடை மறைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.
மண்ணெண்ணெய் ஊற்றினேன், குடித்துவிட்டுச் சும்மா இருந்தது.
ஸ்பானர்தான் வளைந்தது.

முட்டத்தில் போட் எஞ்சின் பட்டறை கிளீட்டஸிடம்
பெரிய வைஸ் உண்டு.
கழற்றியை அதில் கவ்வவைத்து
சக்கரத்தை மேலே கவிழ்த்து
பஸ் ஸ்டியரிங் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.
"எடது பக்கமா, பிள்ளே, எடது பக்கமா!"
டக்.
வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
"என்னத்தத் தின்னுட்டு மிதிச்ச?" என்றான்.
மரச்சீனியும் சாளையும் என்றேன்.

பதினெட்டுப் பல் பிரீவீல், வடசேரிக் கடையில் வாங்கியது.
மாட்டிப் பார்த்தால் செயின் கோணியது.
அச்சைக் கழற்றி
வலப்பக்கத்து வாஷர் இரண்டை இடப்பக்கம் போட்டேன்.
செயின் நேரானது. ரிம் போய்
வலது கவட்டையில் உரசியது.

அப்போதுதான் தெரிந்தது,
ஏழு பேருக்கு இடம்விட்டு
ரிம் இத்தனை நாளும் ஒருபக்கம் ஒதுங்கியே ஓடியிருக்கிறது.
வலப்பக்கக் கம்பியைச் சுண்டினால் கணீர்.
இடப்பக்கம் தொளதொள.
நேராகத்தானே ஓடுகிறது என்று
யாரும் சுண்டிப் பார்த்ததில்லை.

வலப்பக்கம் அரைச்சுற்றுத் தளர்த்து,
இடப்பக்கம் அரைச்சுற்று இறுக்கு.
முப்பத்தாறு கம்பி. வால்வுத் துளையில் தொடங்கி
இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியது,
நாளெல்லாம் எண்களை வாசித்துப் பிழைக்கிறவளுக்கு.
சிமென்ட் தரையில் கிரீஸ், கிரீஸில் கருமணல்,
சோற்றுக் கிண்ணத்தில் பால்ஸ் குண்டுகள்.
கீழ்வீட்டு டெல்பின் வந்து எட்டிப் பார்த்துவிட்டு
"கரண்ட்டு ஆபீஸ்ல சைக்கிள் படியா குடுக்கானுவ?" என்றாள்.
கழற்றிய ஏழடுக்கை
இட்லிப் பானைக்கு அடியில் வைக்க எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு
இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே சத்தம்.
கிட்டத்தட்ட. அதற்குமேல் என் காதுக்கு எட்டவில்லை.

வீடியோவில் அண்ணன்
சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"கியருக்குத்தானே அம்புட்டுத் துட்டு குடுத்தேன்."
பதில் சொல்லத் தோன்றாமல் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்.
போன் முன்னால் அது கிர்ரென்று
வெகுநேரம் சுற்றியது. அவன் வைத்துவிட்டான்.

கியர் கட்டையை மட்டும் கழற்ற முடியவில்லை.
பிரேக்கும் அதுவும் ஒரே வார்ப்பு.
கேபிள் இல்லாமல் கைப்பிடியில் இருக்கிறது.

திங்கட்கிழமை முட்டம் லைட்ஹவுஸ் ஏற்றத்தில்
எதிர்க்காற்று.
கட்டைவிரல் தானாகப் போய் அமுக்கியது.
டிக்.
இன்னொரு தடவை, டிக்.
இறங்கித் தள்ளினேன்.
மேல்வீட்டு அட்டையில் மூச்சு வாங்க ரீடிங் எழுதியதில்
ஆறு, ஒன்பது போலாகிவிட்டது.
அடித்துவிட்டு, பக்கத்தில் திரும்ப எழுதினேன்.